ஓர் அங்குலமும் விடாதவர்

நெடுந்தூர சைக்கிள்காரர் என்று ஓர் இனம் உண்டு. பால் வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் சைக்கிள் மிதிக்கிற நல்லவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் போன வேலை முடிந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மனிதர்களோடு மனிதர்களாகக் கலந்துவிடுவார்கள். நான் சொல்லும் இனத்துக்குப் போகிற ஊரில் ஒரு வேலையும் கிடையாது. அங்கே தெரிந்தவர் கிடையாது. பார்க்க வேண்டியது என்று ஒன்றும் கிடையாது. "அப்புறம் எதுக்குய்யா அவ்வளவு தூரம் போனீரு?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "திரும்பி வரணுமில்ல, அதுக்குத்தான்" என்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததே இந்த இனத்தில் ஒருவருக்குத்தான். அத்தானுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் கடைசி வரியில் வியர்த்து விறுவிறுத்துத் தடுமாறும்போது, இவர் ஜன்னலோரம் போய் வெளியே மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ணாடி எப்ப சார் கிடைக்கும்?"

"காத்து எப்படி அடிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

கண்ணாடிக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனிதர் வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பார்.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த இனத்துக்குப் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. ஒரே பாதையில், ஒரே நாளில், இரண்டு பக்கமும் எதிர்க்காற்று. அப்படியானால் முதுகுப் பக்கம் காற்றே அடிப்பதில்லையா? ஏன் அடிக்காது? அடிக்கும். ஆனால் அப்போது அதற்குப் பெயர் காற்று இல்லை. "இன்னிக்கு என்னமோ உடம்பு நல்லா ஒத்துழைக்குது" என்பதுதான் அதற்குப் பெயர்.

எடை விஷயம் இன்னும் மோசம். பயணத்துக்கு முந்தின நாள் சமையலறைத் தராசு அக்காவுக்குக் கிடைக்காது. அதன்மேல் அத்தானின் கைக்குட்டை உட்கார்ந்திருக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுப்பார். சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிச்சீட்டை வெட்டுவார். சோப்பை நூலால் நறுக்கி, பெரிய பாதியைக் குளியலறைக்கும் சின்னப் பாதியைப் பையிலும் வைப்பார். இதையெல்லாம் முடித்துவிட்டு, தம் தொப்பையை இரண்டு கையாலும் தூக்கி சைக்கிளின் குறுக்குக் கம்பியின்மேல் ஏற்றிவைத்துக்கொண்டு புறப்படுவார். அக்கா வாசல்படியில் நின்று, "பூசணிக்காய் போற இடம் தெரியாது, கடுகு போற இடம் தெரியும்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். அவர் காதில் விழாது. எதிர்க்காற்று!

உலகம் இவர்களுக்கு இரண்டே இரண்டு வகை: ஏற்றம், இறக்கம். குடக்கூலிக்கு வீடு பார்க்கப் போனபோது அக்கா தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா, பக்கத்து வீட்டுக்காரி எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்க, அத்தான் வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்து அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்தார். சரி, ஏற்றம் கஷ்டம், இறக்கமாவது பிடிக்குமா? அதுவும் பிடிக்காது. "இறங்கினா மறுபடி ஏறணுமே" என்று இறங்கும்போதே கவலைப்படுவார். என் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அவர் என் வீட்டுக்கு வருவது என்னைப் பார்க்க என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த இனம் வழியில் எங்கே நிற்கும், தெரியுமா? டீக்கடையில். தாகத்துக்கு இல்லை. யாராவது கேட்க வேண்டும். சைக்கிளைச் சந்தடிக்கு நடுவில், பைகள் எல்லாம் நன்றாகத் தெரியும்படி சாய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல ஓர் ஓரமாக உட்காருவார். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் கேள்விகள் ஒன்றுதான். எங்கேருந்து வர்றீங்க? எங்க போறீங்க? ஏன், பஸ் இல்லையா? கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையா? எல்லாக் கேள்விக்கும் அலட்சியமாகப் பதில் சொல்லிவிட்டு, கூட்டம் வாயைப் பிளந்திருக்கும்போதே எழுந்து போவதுதான் அவருக்கு சொர்க்கம். யாரும் கேட்கவில்லையென்றால் இன்னொரு டீ சொல்வார். அதற்கும் கேட்கவில்லையென்றால் நன்றாக இருக்கிற டயருக்குக் காற்றடிக்க ஆரம்பிப்பார்.

ஊர் திரும்பியதும் படம் காட்டுவார். மாட்டிக்கொண்டீர்களோ, தீர்ந்தது. ஒரு சுவர், அதன்மேல் சாய்ந்த சைக்கிள். ஒரு மைல்கல், அதன்மேல் சாய்ந்த சைக்கிள். ஒரு பெரிய கடல், அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு சைக்கிள்.

"இது எந்த ஊர், அத்தான்?"

"ஊர் ஞாபகமில்ல. ஆனா இந்த இடத்துக்கு முன்னாடி ஒரு ஏத்தம் வந்துது பாரு..."

இதோடு விட்டால் பரவாயில்லை, ஊருக்கு ஒரு பைத்தியம் என்று போய்விடலாம். ஆனால் இந்த இனத்தின் உயிர் ஒரு சட்டத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் இனிமேல் நடந்தது உங்களுக்கு விளங்காது. சட்டம் இதுதான்: வீட்டு வாசலில் ஆரம்பித்த பயணம் போய்ச்சேரும் இடம்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மிதிக்கலாம், முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். ஆனால் ஓர் அங்குலம்கூட இன்னொரு வண்டி சுமந்திருக்கக் கூடாது. சுமந்துவிட்டால் கோடு அறுந்தது. அறுந்தால் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மிதிக்க வேண்டும். ஒரு தடவை நடுவழியில் காய்ச்சல் கண்டு ஒரு லாரிக்காரர் அத்தானைத் தூக்கிவந்து வீட்டில் போட்டார். உடம்பு தேறியதும் இவர் என்ன செய்தார்? சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு, காய்ச்சலில் விழுந்த அதே புளியமரத்தைத் தேடிப் போய், சந்தேகத்துக்கு நாலடி பின்னால் தள்ளி நின்று, அங்கிருந்து மறுபடி மிதித்தார்! யாரய்யா கேட்டார்கள்? யார் பரிசு கொடுக்கப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. அதனால்தான் இவர்களை ஏமாற்ற முடியாது. ஊரை ஏமாற்றலாம், அவரவர் தொடையை ஏமாற்ற முடியுமா?

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிறந்தவள்தான் என் அக்கா மகள். பாவம், நல்ல பெண். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ராணியாக நடித்தாள். அப்பா வரவேண்டும் என்று அட்டைக் கிரீடத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டு பாதி வசனத்தை மறந்தாள். அத்தான் வந்தார். தலைக்கவசத்தோடு, வேர்க்க விறுவிறுக்க, கையில் பூச்செண்டோடு வந்தார். அப்போது மேடையில் ஒரு ஆசாமி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பட்டம் வாங்கினாள், அப்போதும் அப்படித்தான். அவர் வராமல் இருந்ததே இல்லை. எப்போதும் வந்தார், எல்லாம் முடிந்த பிறகு வந்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். அவள் வேலை பார்க்கும் ஊரில், பதிவாளர் அலுவலகத்தில், காலையில் கையெழுத்து, மதியம் சாப்பாடு, அவ்வளவுதான். சாட்சிகளாக அம்மா பெயரையும் அப்பா பெயரையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆளை மாற்ற முடியாது. மாற்றினால் மறுபடி முதலிலிருந்து மனுப்போட வேண்டும். அன்று மதியத்தோடு பதிவாளர் நீண்ட விடுப்பில் போகிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் அடுத்த வாரம் வெளிநாட்டில் வேலைக்குச் சேர வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு அவள் கடைசியாகச் சொன்னாள்: "அப்பா, இந்த ஒரு தடவை மட்டும் முன்னாடியே வந்துடுங்கப்பா."

"வந்துடறேன்மா" என்றார் அத்தான்.

அவர் அகராதியில் 'வந்துடறேன்' என்றால் எதில் என்று கேட்கவே தேவையில்லை. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தாள். விடாக்கண்டன் கொடாக்கண்டன்! தராசு மேசைக்கு வந்துவிட்டது. "ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பறேன். கணக்குப் போட்டாச்சு. கல்யாணத்துக்கு முதல்ல போய் நிக்கிற ஆள் நானாத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

கல்யாணத்தன்று காலையில் நானும் அக்காவும் ஒரு மரச்சாமான் கடை வேனில் புறப்பட்டோம். பின்பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் ஓர் அலமாரி. முன்னால் டிரைவர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். ஊர் நெருங்க, நெருங்க அக்காவின் முகம் தெளிந்தது. "வழியில எங்கயும் காணோம். அப்ப போய்ச் சேர்ந்துட்டார்டா" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஊருக்கு முந்தின பெரிய மேட்டில், தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு தொப்பை ஏறிப் போவது தெரிந்தது.

வேனை நிறுத்தினோம். சங்கிலி அறுந்துவிட்டது. சங்கிலியைச் சேர்க்கிற சாமான் விரல் நீளம்கூட இருக்காது. இவர்கள் யாரும் அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார்கள்.

"அது எங்க, அத்தான்?"

"வீட்ல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எடை ஜாஸ்தியா இருந்துது."

டிரைவர் சிரித்த சிரிப்பில் ஹாரன் தானாக அடித்தது. அக்கா இறங்கினாள்.

"ஏறுங்க."

"நீங்க முன்னாடி போங்க. நான் தள்ளிட்டே வந்துடறேன்."

"பொழுது போனப்புறம் வருவீங்க. ஏறுங்கன்னா!"

"ஏற மாட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? பெத்த பொண்ணு கல்யாணம்!"

"அதனாலதான்டி ஏற மாட்டேங்கறேன்." அவர் கைப்பிடியை விடவில்லை. கண் கலங்கியிருந்தது. "இனிமே அவ எங்கயோ தூர தேசம் போயிடுவா. அங்கெல்லாம் என்னால மிதிக்க முடியாது, நடுவுல கடல். நம்ம வீட்டு வாசல்லேருந்து அவ கல்யாணம் நடக்கிற வாசல் வரைக்கும் ஒரே கோடா, அறுபடாம போய் நிக்கணும்னு நெனச்சேன். என்னால கொடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்."

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கோடு போய் நிக்குங்க. ஆனா அந்த வாசல்ல அவ இருக்க மாட்டா."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பெண்தான். அவர் காதில் வைத்தேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான்மா. வந்துட்டே இருக்கேன்."

"ஏத்தத்துலயா, இறக்கத்துலயா?"

அவர் மேட்டின் உச்சியைப் பார்த்தார்.

"சரிப்பா" என்றாள். கோபமே இல்லை. அதுதான் கொன்றுவிட்டது. ராணி வேஷத்தில் நின்றபோதும் அவள் அப்படித்தான் "சரிப்பா" என்றாள்.

அத்தான் வேனில் ஏறினார். சைக்கிளையும் ஏற்றினோம். ஏறியவர் உட்கார்ந்தாரா? அதுதான் இல்லை! வேன் நகர்ந்ததும் சைக்கிளை அலமாரியில் சாய்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "பின்னாடி பிடிச்சுக்கடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்துவிட்டார். சங்கிலி கிடையாது. கால் சுற்றுகிறது, சக்கரம் சும்மா நிற்கிறது, வேன் பறக்கிறது. நான் குழந்தைக்குச் சைக்கிள் பழக்குகிற மாதிரி சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன அத்தான் இது?"

"சும்மா உட்கார்ந்து வந்தேன்னு இருக்கக் கூடாதில்ல?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், ஏத்தம் வருது, வேகமா மிதிங்க!" என்று கத்தினார். அத்தான் வேகமாக மிதித்தார். மூச்சு வாங்கியது. சட்டை நனைந்தது. வளைவு வந்தால் உடம்பைச் சாய்த்தார். சிக்னலில் வேன் நின்றதும் காலை ஊன்றி நின்றார். பின்கதவு திறந்துதான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பச்சை விழுந்தது. "போலாம், ரைட்!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். கத்தியது என் அக்கா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, அலமாரியைத் தட்டிக்கொண்டு, "இறக்கம் வருதுங்க, பிரேக்கைப் பிடிங்க!" என்கிறாள். இத்தனை வருஷம் திட்டின வாய்!

பதிவாளர் அலுவலகம் மாடியில். பதிவாளர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். பெண் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்கவசத்தோடு அத்தான் நுழைந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலி எதையும் யாரும் இன்னும் அடுக்கவில்லை. எல்லாரும் இருந்தார்கள், எதுவும் முடிந்திருக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது பதிவாளர் தலைக்கவசத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவ்வளவு தூரத்துலேருந்து சைக்கிள்லயா வந்தீங்க?"

வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்விக்காக டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்தாரோ, அந்தக் கேள்வி. ஆமாம் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? நான் வாயைத் திறக்க மாட்டேன், அக்காவும் திறக்க மாட்டாள்.

"இல்லீங்க" என்றார் அத்தான். "வேன்ல வந்தேன்."

மற்றவர்களுக்கு அது ஒரு பதில். என் அக்கா மகளுக்கு அதன் எடை தெரியும். அப்படியே வந்து அப்பாவின் நனைந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

சாப்பாடு முடிந்தது. படம் எடுக்க எல்லாரும் நின்றபோது பெண் சொன்னாள்: "அப்பா, எந்த இடத்துல ஏறினீங்க?"

"எதுக்கும்மா?"

"வாங்க, அங்கேருந்து மிதிச்சு வரலாம். இன்னும் வாசலை மூடலை."

அதற்குள் வேன் டிரைவர் முக்கில் இருந்த சைக்கிள் கடையில் சங்கிலியைச் சேர்த்து வாங்கி வந்திருந்தார். சொல்லவா வேண்டும்! பெண், மாப்பிள்ளை, சம்பந்தி அம்மா, பெண்ணின் தோழிகள், எல்லாரும் வேனில் ஏறிவிட்டோம். சம்பந்தி அம்மா புதுச் செருப்பைப் பார்த்தபடி அக்காவிடம் மெல்லக் கேட்டார்: "இது உங்க பக்கத்துச் சம்பிரதாயமா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா, கண்ணைக்கூட இமைக்காமல். "எங்க பக்கத்துல இப்படித்தான்."

"எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று அந்த அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு தயாரானார்.

அந்த மேட்டில் அத்தான் மிதித்து ஏறினார். அவர் ஏறுகிற வேகம் கல்யாணப்பெண் நடக்கிற வேகம்தான். அவள் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்தாள். பாசத்தில் ஒரு தடவை கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். "தொடாதே, நீ தள்ளினதா ஆயிடும்!" என்று அலறினார். பின்னால் வேன் ஊர்ந்து வந்தது, சம்பந்தி அம்மா தலையை வெளியே நீட்டிக் கைதட்டிக்கொண்டு வந்தார். பதிவாளர் அலுவலக வாசற்படியில் முன்சக்கரம் முட்டியபோது காவலாளிகூடக் கைதட்டினார்.

இதில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். அவர் மிதிக்க ஆரம்பிக்கும் முன்பே அந்த மேட்டில் நின்று டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வேன் நின்றது இந்த விளக்குக் கம்பம் என்கிறார் அவர். எனக்குத் தெரியாதா, இது இல்லை, அதற்கு முந்தின கம்பம். அத்தானே இது போதும் என்றுவிட்டார், நான் விடவில்லை. "விளையாட்டா இது? பின்னாடி தள்ளுங்க!" என்று கத்தி, முந்தின கம்பத்திலிருந்துதான் அவரை ஏறவைத்தேன்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சைக்கிளைத் தொட்டதே இல்லை, உங்களுக்கென்ன? ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது கூப்பிட்டார்களா? பால் பொங்கியதா? எழுந்து போய்விட்டு வந்து என்ன செய்தீர்கள்? கதைதான் புரிந்துவிட்டதே என்று கண் பட்ட இடத்திலிருந்து படித்தீர்களா? இல்லை, விட்ட வரியை விரலால் தேடிப்பிடித்து, சந்தேகத்துக்கு ரெண்டு வரி பின்னால் போய், அங்கிருந்து ஆரம்பித்தீர்களா?

ரெண்டு வரி பின்னால் போனவரா? அப்படியானால் உங்களுக்குச் சைக்கிள் ஒன்றுதான் பாக்கி.